காய்ச்சிய பறையும் கட்டற்ற மென்பொருளும்

நான்கு மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். எங்கள் பகுதிப் பறைக் குழுவின் ஒரே ஒரு பாட்டு. முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் பறையின் தோல் தளர்ந்துவிட்டது. குழுவின் மூத்த கலைஞர் விரலால் தட்டிப் பார்த்து, "காய்ச்சணும் தம்பி" என்றார். வைக்கோலையோ பழைய பேப்பரையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலை இறுக்குவதைத்தான் காய்ச்சுவது என்கிறோம். காய்ச்சாத பறை பேசாது. கூடத்துக்காரர், "இந்த பில்டிங்ல எங்கேயும் நெருப்பு வைக்க விட மாட்டாங்கண்ணே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அது அடுக்குமாடிக் கட்டடம். தெருமுனை வரை போய்க் காய்ச்சினோம். ஓடிவந்து அடித்தோம். தளர்ந்ததும் மறுபடி தெருமுனைக்கு ஓடினோம். கட்டிய பணத்தில் பாதி படிக்கட்டிலேயே போனது. கடைசியில் மிக்ஸ் வந்தபோது பறை எங்கோ அடுத்த தெருவில் அடிப்பது போலக் கேட்டது. ஏன் என்று கேட்டோம். "ரொம்ப இரைச்சலா இருக்குண்ணே, குரலை மூடிடுது."

அவர் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. யாரும் யாரையும் இழிவாகப் பேசாத ஓர் அறையில்கூட, எது இசை எது இரைச்சல் என்பது நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. அந்தக் கூடத்தின் சுவரும் குளிரும் மைக்கும் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் ஒலிகளும் வேறு யாருக்காகவோ தயாரானவை.

தோல்தான் பிரச்சினை என்றால் மிருதங்கமும் தோல்தான். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களால்தான் மிருதங்கம் ஆகிறது. அதைச் செய்யும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களின் கதையைத்தான் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் எழுதினார். 2020-இல் அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசிப்பவர் மடியில் ஏறும்போது தெய்வீகமாகும் தோல், நம் தோளில் தொங்கும்போது மட்டும் தீட்டாகிறது.

2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோதும், பிறகு மார்கழியில் மக்களிசை நடந்தபோதும் இந்தக் கதை கொஞ்சம் உடைந்தது. பறையும் கானாவும் ஒப்பாரியும் உட்கார்ந்து கேட்க வேண்டிய இசையாக மேடைக்கு வந்தன. மேடையைப் பிடித்துவிட்டோம். பதிவுக் கூடத்தை இன்னும் பிடிக்கவில்லை என்பதுதான் என் வாதம். மேடையில் அடித்தது காற்றோடு போகும். பதிவானது நிற்கும். எப்படிக் கேட்க வேண்டும் என்று தீர்மானிப்பது பதிவுசெய்பவரின் கை.

பழைய மடிக்கணினி போதும்

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் எங்கள் படிப்பகத்திலேயே பதிவுசெய்யத் தொடங்கினோம். என்னென்ன தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். "அதெல்லாம் நமக்கு எங்கே" என்ற எண்ணத்தைப் பொருட்களின் பட்டியல்தான் உடைக்கும்.

ஒரு பழைய மடிக்கணினி. 4 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பாதி நோய் தீரும். அதில் லினக்ஸ். இசைக்கென்றே தயார்செய்யப்பட்ட உபுண்டு ஸ்டுடியோ 2007-இலிருந்து வருகிறது. ஒலிப்பதிவுக்கு வேண்டிய மென்பொருள்கள் பெரும்பாலும் நிறுவும்போதே அதில் வந்துவிடும். அடுத்து, இரண்டு மைக் செருகக்கூடிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். வாங்கும்போது 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' வகையா என்று மட்டும் கேளுங்கள். அந்த வகைக்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை, செருகினாலே லினக்ஸ் அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு டைனமிக் மைக், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஒரு ஸ்டாண்ட், கேபிள். மடிக்கணினி தவிர மற்றவற்றைப் பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் வாங்கினோம். அந்தக் கூடத்தில் இரண்டு மூன்று பாட்டுக்கு ஆகும் செலவுக்குள் எல்லாம் முடிந்தது.

பதிவுசெய்யவும் கோக்கவும் ஆர்டோர். பால் டேவிஸ் என்ற நிரலாளர் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவரும் மென்பொருள் இது. பெரிய கூடங்களில் இருக்கும் மென்பொருள் செய்யும் வேலைகளில் நமக்குத் தேவையான அத்தனையையும் செய்யும். அதன் இணையதளத்தில் தயார்நிலைத் தொகுப்புக்குச் சிறு தொகை கேட்பார்கள். லினக்ஸ் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் பணம் இல்லை. தாளக்கட்டு அமைக்க ஹைட்ரஜன். ஒலியைச் செப்பனிட எல்எஸ்பி, காஃப் போன்ற பிளகின்கள். வெட்டி ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் ஆடாசிட்டியே போதும்.

முதல் வாரம் எதுவும் சரியாக நடக்காது. சத்தமே வராது. வந்தால் படபடவென்று வெடிக்கும். நாங்கள் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், கணினி தன் உள் மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் பைப்வயர் என்ற அடுக்குதான் ஒலியை எங்கிருந்து எங்கே அனுப்புவது என்று பார்த்துக்கொள்கிறது. முன்பு ஜாக் தனியாக ஒருபுறம், மற்ற ஒலி இன்னொருபுறம் என்று இருந்த தலைவலி அதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

எல்லோரும் பயமுறுத்துவது 'லேட்டன்சி' என்கிற தாமதத்தை வைத்து. குச்சி பட்டதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையிலான நேரம்தான் அது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 128 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 2.7 மில்லி நொடி ஆகும். உள்ளே வந்து வெளியே போவதற்குள் அது இரண்டு மூன்று மடங்காகும். பத்து மில்லி நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 3.4 மீட்டர் போகும். பறை வரிசையில் நமக்கு நான்காவதாக நிற்கும் அண்ணன் அடிப்பது நம் காதுக்கு வர அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஊர்வலத்தில் அதையும் சமாளித்துச் சேர்ந்து அடிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

பறையைப் பதிவுசெய்வதில் நாங்கள் கற்றது இரண்டுதான். ஒன்று, மைக்கைத் தோலுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். ஒரு கையெட்டும் தூரத்தில் ஒன்று, முடிந்தால் பின்புறம் இன்னொன்று. அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் சீற்றமும் அப்போதுதான் பிரிந்து கேட்கும். இரண்டு, அளவைத் தாழ்த்தி வையுங்கள். 24 பிட்டில் பதிவுசெய்யும்போது உச்சம் கழித்தல் 12 டெசிபெல் அளவில் நின்றாலே போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் கூடத்தில் 'இரைச்சல்' என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, பறையின் உச்சத்தைத் தாங்காமல் கருவி திணறியதுதான் என்று எங்களுக்கு இப்போது தெரியும்.

படிப்பகத்துக்கு வெளியே நெருப்பு. உள்ளே மைக். கதவு பத்தடி தூரத்தில். அவசரப்படுத்த யாருமில்லை.

கட்டத்துக்குள் அடங்காத அழுகை

கருவி நம் கையில் இருப்பதன் அருமை ஒப்பாரியைப் பதிவுசெய்தபோதுதான் புரிந்தது. எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் திரையில் முதலில் தெரிவது கட்டங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு, நான்குக்கு நான்கு. கூடத்தில் போனால் "கிளிக் கேட்டுப் பாடுங்கம்மா" என்பார்கள். ஒப்பாரி பாடும் அம்மா மூச்சுக்கும் விம்மலுக்கும் ஏற்ப நிறுத்துவார், இழுப்பார். அந்த இழுப்பில்தான் பாட்டே இருக்கிறது. ஆர்டோரில் கட்டத்தை அணைத்துவிட்டு அவரைப் பாடவிட்டோம். பிறகு அவருடைய நடைக்குத் தாளத்தை ஒட்டி வைத்தோம். மற்ற மென்பொருள்களிலும் இதைச் செய்ய முடியும். வாடகை ஓடும் கூடத்தில் அதற்குப் பொறுமை இருக்காது என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் கிராக் செய்த மென்பொருளில்தான் பீட் போடக் கற்றோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அதில் வைரஸும் வரும், பயமும் வரும். பாட்டு ஓடி நாலு பேருக்குத் தெரிந்தபின் கேள்வியும் வரும். நம் பிள்ளைகளைத் திருடன் என்று அழைக்க இந்தச் சமூகத்துக்கு ஏற்கெனவே ஆயிரம் சாக்கு இருக்கிறது. இன்னொன்றை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தோம். அதற்கும் முன்பு, தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றியவர் அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ். 2010-இல் அவருடைய சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்காலக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். ஆனால் தமிழ்நாட்டில் லினக்ஸின் வரலாற்றை எழுதும்போது இந்தச் சான்றிதழ் கதையை விட்டுவிட்டு எழுத முடியாது.

யாருக்கு இலவசம்?

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது முன்வைத்தது விலை பற்றிய பேச்சு இல்லை. பயன்படுத்த, படித்துப் பார்க்க, மாற்ற, பகிர உள்ள சுதந்திரத்தையே அவர் பேசினார். தமிழில் இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்று அருமையான பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் நம் இசைக்குக் கட்டும் உண்டு, இலவசமும் உண்டு. சாவு விழுந்தால் போய் அடித்தாக வேண்டும் என்பது கட்டு. அதற்குக் கூலியாகக் கிடைத்த நெல்லும் சாராயமும் இலவசத்துக்குச் சமம். பறையை அடிக்க மாட்டோம் என்று தூக்கி எறிந்ததும் நம் போராட்டம்தான். அதே பறையை விடுதலையின் குரலாக மேடையேற்றியதும் நம் போராட்டம்தான்.

இந்த வரலாறு உள்ளவர்களிடம் போய், "உங்கள் ஒலியைத் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் கொடுங்கள்" என்று கேட்பது அவ்வளவு எளிதில்லை. இசை மென்பொருள்களின் ஒலி வங்கியில் 'இந்தியத் தாளம்' என்று தேடிப் பாருங்கள். தபலா வந்து நிற்கும், அடுத்து மிருதங்கம் வரும். பறையும் உறுமியும் பம்பையும் கிடைப்பது அபூர்வம். அந்த வங்கியை நாமே உருவாக்க முடியும். ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாகப் பதிவுசெய்து, எஸ்எஃப்இசட் என்ற வடிவத்தில் அடுக்கினால் போதும். அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் எழுதலாம். ஹைட்ரஜனிலும் ஒரு பறைத் தொகுப்பைச் செய்துவிடலாம்.

அப்படி ஒரு தொகுப்பு வரவேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற உரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நாளை ஒரு விளம்பர நிறுவனம் அந்த அடியை எடுத்து நகைக்கடைக்குப் போடலாம். சாதிச் சங்கத்தின் மாநாட்டுப் பாட்டில்கூட அது ஒலிக்கலாம். எனவே வரிசை மாறக் கூடாது. முதலில் கலைஞருக்கு நாள்கூலி, அதுவும் ரொக்கமாக. அடுத்து இதெல்லாம் நடக்கலாம் என்று தமிழில், வாய்மொழியாக விளக்கிய பிறகு அவருடைய சம்மதம். பிறகு தொகுப்பின் பெயரிலேயே அவர் பெயர். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது. மென்பொருள் கட்டற்றதாக இருப்பதால் கலைஞரின் உழைப்பும் கட்டணமற்றது என்று ஆகிவிடாது. முற்போக்கு இளைஞர்கள் நாம் இதில் அடிக்கடி சறுக்குகிறோம். 'இயக்கத்துக்காக' என்று சொல்லிப் பறைக் கலைஞரைப் பேருந்துக் கட்டணம்கூடக் கொடுக்காமல் அனுப்பிய கூட்டங்களை நானே நடத்தியிருக்கிறேன்.

குளம் திறந்திருக்கிறது

'வீட்டு ஸ்டுடியோ' என்ற சொல்லுக்குள் ஓர் உபரி அறை ஒளிந்திருக்கிறது. வழிகாட்டிகள் எல்லாம் "ஓர் அமைதியான அறையைத் தேர்ந்தெடுங்கள்" என்று தொடங்கும். ஒரே அறையில் ஐந்து பேர் தூங்கும் வீட்டில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் ரயில் தண்டவாளம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? மென்பொருள் இலவசம், நேரம் இலவசமில்லை. கையேடுகள் ஆங்கிலத்தில். சந்தேகம் கேட்டால் "முதலில் கையேட்டைப் படி" என்று பதில் வரும். கட்டற்ற மென்பொருள் உலகம் சாதியற்ற உலகம் இல்லை. அதில் நிறைந்திருப்பவர்கள் கணினியும் ஆங்கிலமும் ஓய்வு நேரமும் முன்பே வாய்த்தவர்கள்.

இந்த இடத்தில் எனக்கு மகாடு நினைவுக்கு வருகிறது. பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்துதான் இருந்தது. யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் வரிசையாக நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் அது அவர்களுடைய குளமும் ஆனது. அதற்காக அடி வாங்கினார்கள். வழக்கு 1937 வரை நடந்தது. ஒருவர் தனியாகப் போய்க் குடித்திருந்தால் அது தாகம் தீர்த்துக்கொண்ட செய்தியாக மட்டுமே இருந்திருக்கும்.

ஆர்டோரின் உரிமம் அந்தத் தீர்மானம் போன்றது. திறந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. இறங்குவது நம் வேலை, அதுவும் சேர்ந்து இறங்குவது. அதனால் வீட்டுக்கு ஒரு ஸ்டுடியோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அம்பேத்கர் படிப்பகமோ இரவுப் பாடசாலையோ இருக்கும் இடமெல்லாம் ஒன்று இருக்கட்டும். சுவரில் பழைய மெத்தையும் கோரைப்பாயும், ரயில் குறைவாக ஓடும் இரவு நேரம், பொதுவான ஒரு மைக். கற்றவர் அடுத்தவருக்குத் தன் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொடுப்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்தால் அதுவே கையேடு. பாட்டின் மூலக் கோப்புகள் அந்தப் படிப்பகத்தின் சொத்து. கூடத்தில் நமக்குக் கிடைப்பது ஓர் எம்பி3 மட்டும்தான். இங்கே பத்து வருடம் கழித்தும் கோப்பைத் திறந்து பறையை மேலே ஏற்றலாம்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் ஒப்பாரி பாடியது பெண்கள், கணினி முன்னால் உட்கார்ந்தது நாங்கள் ஆண்கள். ஒரு நாள் அந்த அம்மாவின் மகள் கேட்டாள்: "அண்ணா, எங்கம்மா பாடுறதை நீங்களே வெட்டி ஒட்டிக்கிட்டிருந்தா, எங்களுக்கு இது எப்போ வரும்?" அன்றைக்கு மவுஸ் கை மாறியது. அவள் முதலில் செய்த மிக்ஸில், தன் அம்மா மூச்சு வாங்கும் சத்தத்தை வெட்டாமல் விட்டிருந்தாள். நான் வெட்டியிருப்பேன்.

உங்கள் தெருவில் தூசி படிந்து கிடக்கும் ஒரு மடிக்கணினி கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொண்டு போங்கள். முதல் நாள் சத்தம் வராது. மைக் அமைப்பைச் சரிபாருங்கள், மறுபடி முயலுங்கள். சத்தம் வந்தவுடன் கலைஞரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே கூலியைச் சொல்லிவிடுங்கள். வாசலில் கொஞ்சம் வைக்கோலும் எடுத்து வையுங்கள்.